வெள்ளை இலைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள்



அகச்சிவப்புப் படம் என்றதும் பலர் மனத்தில் வருவது ஒரே காட்சிதான். மரங்கள் எல்லாம் வெளுத்திருக்கும், உச்சிவெயிலிலும் வானம் கருத்திருக்கும், ஏரித் தண்ணீர் மையாகக் கிடக்கும். முதல் முறை பார்க்கிறவர் வியக்கிறார். பத்தாவது முறை பார்க்கிறவர் கொட்டாவி விடுகிறார். அந்தக் கொட்டாவிக்கு ஃபிலிமைக் குற்றம் சொல்ல முடியாது, அதைக் கையாளும் முறையைத்தான் சொல்ல வேண்டும் என்பது இன்று நான் முன்வைக்கும் வாதம். அகச்சிவப்பு ஃபிலிமை வெறும் விந்தைக்காக வாங்குகிறவருக்கு அது ஒரே ஒரு வித்தையைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதே ஃபிலிமின் முன் ஒரு கேள்வியை வைத்து, சோதனைக்குரிய ஒழுங்கோடு படமெடுக்கிறவருக்கு அது புதிது புதிதாகச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். அழகும் அந்த வழியில்தான் வந்து சேரும். இதை நிறுவ, இத்துறையில் பரவலாக உள்ள நான்கு நம்பிக்கைகளை எடுத்துக்கொள்கிறேன். நான்கையும் ஓரிரண்டு சுருள் ஃபிலிமைக் கொண்டே சோதித்துப் பார்க்க முடியும். அதன்பின் எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைத்தான் ஒளியாக உணர்கிறது. சிவப்புக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்பதை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்பைத் தாண்டி வெளிச்சமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. ஆனால் அந்தப் பகுதியை நிலக்காட்சிப் படமாகப் பதிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஃபிலிமிலுள்ள வெள்ளி உப்புகள் இயல்பாக நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே மசிகிறவை. 1873-இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலர், தகுந்த சாயத்தைச் சேர்த்தால் அந்த உப்புகள் பிற நிறங்களையும் உணரத் தொடங்குகின்றன என்று கண்டார். அந்தச் சாயங்களின் வழியாகவே ஃபிலிம் பச்சைக்கும், பிறகு சிவப்புக்கும், கடைசியில் சிவப்புக்கு அப்பாலும் கண் திறந்தது. 1910-இல் அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் தம் அகச்சிவப்பு நிலக்காட்சிகளை வெளியிட்டார். நல்ல வெயிலிலும் நிமிடக் கணக்கில் ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டியிருந்த காலம் அது. இலைகள் வெளுக்கும் விளைவு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. வுட் புற ஊதாவிலும் படம் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிகளிலும் உலகம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டவர். அகச்சிவப்பு நிலக்காட்சி என்ற வகையே ஓர் ஒப்பீட்டுச் சோதனையில் பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இனி அந்த நான்கு நம்பிக்கைகள். முதலாவது, அகச்சிவப்பு ஃபிலிம் வெப்பத்தைப் படமெடுக்கிறது என்பது. ஹெர்ஷல் வெப்பமானியை வைத்தல்லவா கண்டுபிடித்தார் என்று கேட்பார்கள். நம் உடலும், சுவரும், தேநீர்க் குவளையும் வெளியிடும் வெப்பக் கதிர்கள் பெரும்பாலும் 10,000 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளம் உடையவை. நிலக்காட்சிக்குப் பயன்படும் ஃபிலிம்களின் எட்டுகை ஏறத்தாழ 900 நானோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஐயம் உள்ளவர்கள் இருட்டறையில் சூடான தேநீர்க் குவளையை முக்காலியில் நிறுத்திய கேமராவால் எடுத்துப் பார்க்கலாம். ஃபிலிமில் ஒன்றும் விழாது. ஆகவே அகச்சிவப்பு நிலக்காட்சியில் நாம் பார்ப்பது, வெயிலில் ஏற்கெனவே இருக்கும் ஓர் ஒளி பொருள்களின் மேல் பட்டுத் திரும்புவதைத்தான். இது சிறு விளக்கம் போலத் தோன்றினாலும் விளைவு பெரிது. திரும்பும் ஒளி என்று தெரிந்தவர் சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பார். வெப்பம் என்று நம்புகிறவர் பகல் சுட்டால் போதும் என்று இருந்துவிடுவார், மூட்டமான நாளில் ஏமாறுவார்.

இரண்டாவது, பச்சையம் அகச்சிவப்பை எதிரொளிப்பதால்தான் இலை வெளுக்கிறது என்பது. பல கையேடுகளில்கூட இது இருக்கிறது. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்குகிறது. 700 நானோமீட்டரைத் தாண்டியதும் அதற்கு அந்த ஒளியோடு வேலையே இல்லை, கண்ணாடியாக நின்றுவிடுகிறது. உள்ளே நுழைந்த ஒளி, இலைக்குள் ஈரமான செல் சுவர்களும் காற்றிடைவெளிகளும் மாறி மாறி அமைந்திருக்கும் தளர்ந்த திசுவில் சிதறுகிறது. ஏறக்குறையப் பாதி மேலே திரும்பி வருகிறது, எஞ்சியதில் பெரும்பகுதி இலையைக் கடந்து கீழே போகிறது. இதற்குச் சான்று வேண்டுமானால் ஆய்வுக்கூடம் தேடிப் போக வேண்டாம். வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் மணி பிளான்ட் இலை ஒன்றைப் படமெடுத்தால் போதும். வெள்ளைத் திட்டில் பச்சையம் கிடையாது. பச்சையம்தான் எதிரொளிக்கிறது என்றால் அகச்சிவப்பில் பச்சைத் திட்டு மட்டும் வெளுத்து, வெள்ளைத் திட்டு மங்கியிருக்க வேண்டும். அச்சிட்ட படத்தைப் பார்த்தால் திட்டுகளே காணாமல் போயிருக்கும். இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்துக் கிடக்கும். வெளுப்புக்குக் காரணம் இலையின் கட்டுமானம் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. கட்டுமானம்தான் காரணம் என்று தெரிந்தபின், எந்த மரம் கூடுதலாக வெளுக்கும், தளிர் எப்படி வரும், காய்ந்து சுருங்கும் இலை எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். படமெடுப்பவரின் கண் அங்கிருந்துதான் கூர்மை பெறுகிறது.

மூன்றாவது, அகச்சிவப்பு எதையும் ஊடுருவும், மூடுபனிக்குள்ளும் பார்க்கும் என்பது. வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைகளை மிகுதியாகச் சிதறடிப்பது. சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. ஆகவே 450 நானோமீட்டர் நீலத்தைவிட 750 நானோமீட்டர் அகச்சிவப்பு ஏறத்தாழ ஏழரை மடங்கு குறைவாகச் சிதறுகிறது. வானம் கருப்பதும், தொலைவு மலைகளின் மேல் படிந்த நீலப் புகார் விலகுவதும் இதனால்தான். 1930-இல் அமெரிக்கரான ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், அர்ஜென்டினாவின் மேல் விமானத்தில் பறந்தபடி பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆண்டிஸ் மலைத்தொடரை அகச்சிவப்பில் பதிந்தார். ஆனால் மூடுபனியின் கதை வேறு. அதன் நீர்த்துளிகள் இந்த அலைகளைவிடப் பல மடங்கு பெரியவை. பெரிய துளிகள் எல்லா அலைகளையும் ஒன்றுபோல் சிதறடிக்கும். இதற்குச் சான்று ஒவ்வொரு அகச்சிவப்புப் படத்திலுமே இருக்கிறது. கருத்த வானத்தில் மேகம் ஏன் வெள்ளையாக நிற்கிறது? மேகமும் அதே அளவிலான நீர்த்துளிதான். மேகத்தை ஊடுருவ முடியாத ஒளி தரையில் படிந்த மேகமான மூடுபனியை மட்டும் எப்படி ஊடுருவும்? விந்தைக்காகப் பார்க்கிறவர் மேகத்தின் அழகோடு நின்றுவிடுகிறார். கேள்வியோடு பார்க்கிறவருக்கு அந்த மேகமே விடை.

நான்காவது நம்பிக்கைதான் என் வாதத்துக்கு நெருக்கமானது. இலை ஓரங்களிலும் வெள்ளை உடைகளைச் சுற்றியும் கனவுபோல் ஓர் ஒளிவட்டம் பரவும், அதுவே அகச்சிவப்பின் இயல்பு என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்த ஒளிவட்டம் கோடக் நிறுவனத்தின் எச்ஐஇ என்ற ஹைஸ்பீடு இன்ஃப்ராரெட் ஃபிலிமுக்கு உரியது. மற்ற ஃபிலிம்களில், பதிவான பிறகும் எஞ்சி உள்ளே போகும் ஒளியை உறிஞ்ச ஒரு தடுப்புப் பூச்சு இருக்கும். எச்ஐஇ ஃபிலிமில் அது இல்லை. பளிச்சென்ற இலையிலிருந்து வந்த ஒளி ஃபிலிமைக் கடந்து, பின்புறத்தில் பட்டுத் திரும்பி, பக்கத்துத் துகள்களையும் தாக்கியது. ஆக, ஆவிகள் உலவுவதுபோல் நாம் ரசித்த அந்த மினுமினுப்பு, ஒரு பூச்சு இல்லாததன் விளைவு. 2007-இல் அந்த ஃபிலிம் நின்றதும், இப்போது கிடைப்பவை உண்மையான அகச்சிவப்பு ஃபிலிமே அல்ல, ஒளிவட்டம் வரவில்லையே என்று பலர் குறைப்பட்டார்கள். பூச்சு உள்ள ஃபிலிம் ஒன்றையும் இல்லாத ஒன்றையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் குறைக்கு இடமே இருந்திருக்காது. விளைவை ரசித்துக் காரணத்தைக் கேட்காமல் விட்டால், ஒரு பொருளின் குணத்தை இன்னொரு பொருளின் தலையில் ஏற்றிவிடுவோம்.

இன்று கையில் கிடைப்பவை எவை? இங்கிலாந்தின் இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 ஏறத்தாழ 740 நானோமீட்டர் வரை எட்டும். ரோலை இன்ஃப்ராரெட் 400 ஏறத்தாழ 820 வரை எட்டும். ரோலை பெயரில் வரும் இத்தகைய ஃபிலிம்களின் வேர், பெல்ஜியத்தில் ஆக்ஃபா கெவர்ட் நிறுவனம் வான்வழி நில அளவைக்காகச் செய்த ஏவிஃபோட் வகைகளில் இருக்கிறது. மேலிருந்து எடுக்கும்போது தரைக்கும் கேமராவுக்கும் நடுவே நிற்கும் புகாரை வெல்லவே அந்த ஃபிலிமுக்குச் சிவப்புக்கு அப்பால் உணர்வு கூட்டினார்கள். அதன் அடித்தளம் தெளிவான பாலியெஸ்டர். வெளிச்சத்தில் டப்பாவைத் திறந்தால் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கின் வழியாக ஒளி உள்ளே ஊர்ந்து முதல் சில படங்களைக் கெடுக்கும், ஆகவே நிழலிலோ இருட்டிலோதான் பூட்ட வேண்டும். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த ஃபிலிமை நாம் கேள்வியில்லாமல் பயன்படுத்துகிறோம் என்பதுதான் இதிலுள்ள முரண். இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உணர்பவை. ஃபில்டர் போடாவிட்டால் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும். லென்ஸின் முன் ஏறத்தாழ 720 நானோமீட்டரில் கதவு திறக்கும் ஹோயா ஆர் 72 போன்ற ஒரு ஃபில்டரை மாட்டினால்தான் அகச்சிவப்பு தனித்து வரும்.

ஒழுங்கான சோதனை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 36 படங்கள் உள்ள ஒரு சுருளில் ஏழு படங்களை இதற்கென்று ஒதுக்குங்கள். வெயில் முன்பக்கமாக விழும் ஒரு மரம், அதன் அருகே பச்சை வண்ணம் அடித்த இரும்புக் கதவு ஒன்று, சட்டத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை, மேலே மேகம் உள்ள வானம் ஆகியவை ஒரே காட்சியில் அமைய வேண்டும். கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். ரோலை 400 என்றால், முதல் படத்தை ஃபில்டர் இல்லாமல் 400 ஐஎஸ்ஓ வேகத்துக்கு எடுங்கள். இரண்டாவது, 25 எண் சிவப்பு ஃபில்டரோடு. அடுத்து ஆர் 72. இதைப் போட்டதும் ஃபிலிமின் வேகம் ஐந்து ஸ்டாப் வரை இறங்கி 12 ஐஎஸ்ஓ ஆகிவிடும். நிலைமையைப் பொறுத்து அதற்கும் கீழே போகலாம். கேமராவின் மீட்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்யப்பட்டது, அதை நம்ப முடியாது. ஆகவே எஃப் 11 துளையில் 1/30, 1/15, 1/8, 1/4 நொடி என நான்கு படங்கள். அகச்சிவப்பு லென்ஸைக் கடந்து சற்றுப் பின்தள்ளிக் குவிகிறது; பழைய லென்ஸ்களில் தூர அளவுகோலின் அருகே இதற்காகவே ஒரு சிவப்புக் குறி இருக்கும், ஃபோகஸ் செய்த தூரத்தை அந்தக் குறிக்கு நகர்த்த வேண்டும். எஸ்எல்ஆர் கேமராவில் ஃபில்டரை மாட்டியபின் கண்ணுக்கு இருட்டுத்தான் தெரியும் என்பதால், காட்சியை அமைத்து முடித்துவிட்டு மாட்ட வேண்டும். கடைசியாக, 850 நானோமீட்டரை ஒட்டித் திறக்கும் 87சி ஃபில்டரோடு ஒரு படம்.

நெகட்டிவை ஒளிப்பெட்டியின் மேல் வைத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் கொண்டு படிக்கும்போது கிடைக்கும் செய்தி இது. ஃபில்டர் இல்லாத படத்தில் மரமும் கதவும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். சிவப்பு ஃபில்டரில் வானம் கருக்கத் தொடங்கும், ஆனால் இலை இன்னும் இருண்டேதான் இருக்கும், ஏனென்றால் பச்சையம் சிவப்பை விழுங்குகிறது. ஆர் 72-இல் இலை பாய்ந்து வெளுக்கும். பச்சைக் கதவு பெரும்பாலும் அதோடு சேர்ந்து வெளுக்காது, அதன் பூச்சில் என்ன நிறமி இருக்கிறதோ அதற்கேற்ப நிற்கும். கண்ணுக்கு ஒன்றாக இருந்த இரண்டு பச்சைகள் பிரிந்துவிட்டன. 87சி ஃபில்டரோடு எடுத்த கடைசிச் சட்டம் ஏறக்குறையக் காலியாக இருக்கும். இந்தக் காலிச் சட்டத்தைத் தோல்வி என்று தூக்கி எறிபவர்கள் உண்டு. அந்தத் தொகுப்பிலேயே தெளிவான விடை அதுதான். ஃபிலிமின் பார்வை எங்கே முடிகிறது, ஃபில்டரின் கதவு எங்கே திறக்கிறது, இரண்டும் சந்திக்கவே இல்லை என்பதை அந்த ஒரு சட்டம் எழுதிக் காட்டுகிறது. இனி எந்த ஃபிலிமுக்கு எந்த ஃபில்டர் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்த ஒழுங்கு கைவந்தபின் கேள்விகள் தாமாகவே பெருகும். மர நிழலில் மீட்டர் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று காட்டும், ஆனால் அகச்சிவப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. இலைகள் அதில் கணிசமான பகுதியைக் கீழே விட்டுவிடுகின்றன என்பதை முன்பே பார்த்தோம். இந்த வேறுபாட்டைச் செடிகளே அறிந்து வைத்திருக்கின்றன. அவற்றிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி 660 நானோமீட்டர் சிவப்பையும் 730 நானோமீட்டர் தொலைசிவப்பையும் ஒப்பிட்டு, தன் மேல் வேறொரு செடி நிழல் கட்டுகிறதா என்று கணிக்கிறது. அந்தக் கணிப்பின்படி செடி உயரமாக வளரத் தொடங்குகிறது. எஸ்எஃப்எக்ஸ் 200 ஃபிலிமின் எல்லைப் பகுதியும் ஆர் 72 ஃபில்டரின் கதவும் சரியாக இந்த 730-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. அகச்சிவப்புப் படம் இல்லாத ஓர் உலகத்தைக் காட்டுகிறது என்பவர்களுக்கு இது நல்ல பதில். நம் கண்ணுக்கு மட்டுமே இல்லாத அந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒரு கீரைச் செடி தன் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். எல்இடி விளக்கின் வெளிச்சத்தில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. பழைய குண்டு பல்பில் அது கொட்டிக் கிடக்கிறது. ஒரே அறையை இரண்டு விளக்குகளிலும் எடுத்தால் ஒன்று இருட்டு, ஒன்று பகல். கறுப்புத் துணிகளையும் சோதிக்கலாம். சாயம் ஏற்றிய செயற்கை இழைத் துணிகளில் பல அகச்சிவப்பில் வெளிறிப்போகும், கரி கலந்த கறுப்பு மட்டும் கறுப்பாகவே நிற்கும். இந்தக் கடைசிச் செய்தி வரலாற்றையே மாற்றிய ஒன்று. சாக்கடல் சுருள்கள் கிடைத்தபோது பல துண்டுகளில் தோல் எழுத்தளவுக்கே கருத்திருந்தது. 1950-களில் எருசலேமின் பாலஸ்தீனத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நஜீப் அல்பினா அவற்றை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்தார். கருத்த தோல் வெளுத்தது, கரி மையால் எழுதிய எழுத்து கறுப்பாகவே நின்றது. அறிஞர்கள் பல ஆண்டுகள் அந்தப் படங்களை வைத்தே படித்தார்கள். நம் ஓலைச்சுவடிகளுக்கும் இது பொருந்தும். எழுத்தாணியால் கீறிய எழுத்தில் நாம் தடவியது விளக்குக் கரியைத்தான்; காலத்தால் கருத்துப்போவது ஓலை. உடுப்பியைச் சேர்ந்த சர்வமூல கிரந்த ஓலைகளை அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் இதே வழியில், டிஜிட்டல் கேமராவும் அகச்சிவப்பு ஃபில்டரும் கொண்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

டிஜிட்டல் என்று சொன்னதும் முதல் எதிர்வாதம் எழுகிறது. சிலிக்கான் சென்சார் 1,000 நானோமீட்டரைத் தாண்டியும் உணர்கிறது. அதன் முன் இருக்கும் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டால் எந்தக் கேமராவும் அகச்சிவப்புக் கேமரா ஆகிவிடும். முடிவு அந்த நொடியே திரையில் தெரியும். பிறகு எதற்கு ஃபிலிம்? இந்த வாதத்தில் பெரும்பகுதி சரி, அதை நான் மறுக்கப் போவதில்லை. சுவடியைப் படிக்க வேண்டும், பயிர்நோயை அளக்க வேண்டும் என்றால் டிஜிட்டல்தான் சரியான கருவி. ஃபிலிமின் கருமை ஒளிக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, டெவலப்பரும் வெப்பநிலையும் அதை மாற்றும்; அளவைக் கருவி என்ற வகையில் அது பின்தங்கியதுதான். நான் ஃபிலிமுக்காகப் பேசுவது வேறொரு காரணத்துக்காக. மாற்றியமைத்த கேமரா திரையில் உடனே படத்தைக் காட்டிவிடுவதால், ஊகிக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. எக்ஸ்போஷர் தவறினால் திருத்திக்கொண்டு போய்விடுகிறோம், ஏன் தவறியது என்று நிற்பதில்லை. ஃபிலிமில் ஷட்டரை அழுத்தும் முன் ஒளியைப் பற்றி ஒரு கருத்தை நாம் வகுத்தாக வேண்டும், பிறகு அந்தக் கருத்து சரியா என்பதை டெவலப் செய்த துண்டு சொல்லும். கருதுகோள், சோதனை, முடிவு என்ற வரிசை ஃபிலிமின் வேலைமுறையிலேயே கட்டாயமாக அமைந்திருக்கிறது. டிஜிட்டலிலும் அந்த ஒழுக்கத்தோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபிலிம் தேவையில்லை. மற்றவர்களுக்கு அது நல்ல ஆசிரியர்.

இரண்டாவது எதிர்வாதம் கலைஞர்களுடையது. கலைக்கு எதற்கு ஆய்வுக்கூட ஒழுங்கு, தற்செயலே எங்கள் முதல் என்பார்கள். அகச்சிவப்பு வண்ண ஃபிலிமின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோடக் அதை உருவாக்கியது, மறைத்துவைத்த ராணுவ நிலைகளைக் கண்டுபிடிக்க. அதில் அகச்சிவப்பு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் பதியும். உயிருள்ள காடு சிவந்து வரும்; பச்சை வண்ணம் அடித்த கூடாரம் அந்தச் சிவப்பில் கலக்காமல் தனித்துக் காட்டிக்கொடுக்கும். 1970-ஐ ஒட்டி விஞ்ஞானி பிஷரோத் ராம பிஷாரடியின் தலைமையில் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அந்த வகை ஃபிலிமில் தென்னை வேர்வாடல் நோயைத் தேடினார்கள். இந்தியத் தொலையுணர்வுத் துறை அங்கிருந்துதான் தொடங்கியது. பின்னர் அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்டு மோஸ், அதே குடும்பத்தின் ஏரோகுரோம் ஃபிலிமை எடுத்துக்கொண்டு கிழக்கு காங்கோவின் போர்க்களத்துக்குப் போனார். ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கப் பிறந்த ஃபிலிமால், உலகம் காண மறுத்த ஒரு போரைக் காட்டினார். 2013 வெனிஸ் பியனாலேயில் வைத்த அவருடைய படைப்பில் மலைகள் இளஞ்சிவப்பில் எரிந்தன. அந்த நிறம் அலங்காரம் என்று தோன்றாததற்குக் காரணம், அந்த ஃபிலிம் எதற்காகச் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தற்செயல் அவருக்கும் உதவியிருக்கும், ஆனால் படைப்பின் முதுகெலும்பு அந்த அறிவு.

மூன்றாவது, இவை பொய்ப் படங்கள் என்ற குற்றச்சாட்டு. இலை வெள்ளையா, வானம் கறுப்பா என்று கேட்கிறார்கள். தொடக்ககால ஃபிலிம்கள் சிவப்பையே அறியாதவை. அவற்றில் சிவந்த உதடு கருத்தது, நீல வானம் வெள்ளையாகி மேகம் மறைந்தது. அந்தப் படங்களை வைத்துத்தான் நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டை அறிகிறோம், யாரும் அவற்றைப் பொய் என்பதில்லை. ஒவ்வொரு ஃபிலிமும் ஒளியின் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு மற்றதை விடுகிறது. பழகிப்போன தேர்வை உண்மை என்கிறோம், பழகாததைப் பொய் என்கிறோம். ஆனால் இந்தக் குற்றச்சாட்டில் ஒரு நியாயமும் இருக்கிறது. எந்த ஃபிலிம், எந்த ஃபில்டர் என்று சொல்லாமல் ஒரு படத்தைத் தொங்கவிட்டால் பார்ப்பவர் மயங்கத்தான் செய்வார். ஆகவே அகச்சிவப்புப் படத்தின் கீழே அந்த இரண்டு விவரங்களையும் எழுதுவதை நாம் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசி எதிர்வாதம் செலவும் தட்டுப்பாடும். அதை மறைக்க வழியில்லை. கோடக்கின் எச்ஐஇ போய்விட்டது, கொனிகாவின் 750 போய்விட்டது, குரோவேஷியாவின் எஃப்கே ஐஆர் 820 அதைச் செய்த ஆலை 2012-இல் மூடியதோடு போய்விட்டது. எஞ்சியிருப்பவையும் ஓரிரு ஆலைகளை நம்பி நிற்கின்றன. வான்வழி அளவையே டிஜிட்டலுக்குப் போய்விட்ட நிலையில் அவை எத்தனை காலம் வரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. அரிதான பொருள் என்றால் வேண்டாம் என்று ஒதுக்குவதைவிட, வீணாக்காமல் பயன்படுத்துவதே அறிவு. நூறு பேர் நூறு சுருள்களில் ஒரே வெள்ளை மரத்தை எடுப்பது வீண். ஒரு சங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுருளில் ஐந்து கேள்விகளைக் கேட்பது சிக்கனம்.

ஆகவே இங்குள்ள ஒளிப்படச் சங்கங்களுக்கும் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு சுருளைப் பொதுவில் வாங்குங்கள். நம் ஊர் மரங்களில் வேம்பும் புளியும் சவுக்கும் பனையும் ஒரே வெயிலில் எப்படி வருகின்றன என்று எடுங்கள். நாள், நேரம், ஃபில்டர், துளை, ஷட்டர் வேகம் என எல்லாவற்றையும் குறித்து, அந்தக் குறிப்பேட்டை நெகட்டிவோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள், காலிச் சட்டங்கள் உட்பட. இந்த ஃபிலிம்கள் நின்றுபோனாலும் அந்தக் குறிப்பேடு அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும். எது எப்படியானாலும், சுருளைக் கேமராவில் பூட்டும் முன் உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.